அடைப்பு இல்லாத நாள்

ஜூன் 28, வெள்ளி

மாடிக்காரர் காலி செய்கிறார். இரண்டு வருடமாக மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு தவறாமல் கொடுத்தவர். மதுரைக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். காலையில் நான் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது வந்து நின்று, “ஞாயித்துக்கிழமை லாரி வருது சார். அட்வான்ஸ் அறுபதாயிரத்த அன்னைக்கே கொடுத்துட்டீங்கன்னா நல்லது” என்றார். ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

அறுபதாயிரம் எங்கே இருக்கிறது? அவர் ஏறி இறங்கும் மாடிப்படிக் கைப்பிடியாகவும், அவர் குளிக்கும் தண்ணீர்த் தொட்டியாகவும் இருக்கிறது.

தையல்நாயகியிடம் சொன்னேன். “அட்வான்ஸ் அவரு காசுங்க. அத வரவுல எழுதிக்கிட்டா இப்படித்தான் முழிக்கணும்” என்றாள். இருபத்தொன்பது வருடம் கண்டக்டராக இருந்து ஒரு நாள்கூட கலெக்‌ஷனில் குறைவு காட்டாத இந்த மாசிலாமணிக்கு வீட்டுக்காரி கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

அதனால்தான் இந்த நோட்டைத் திறந்தேன். வீடு கட்டும்போது பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கம் போட்ட கணக்கைத் தேடி எடுத்து முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மாடி 9,500. பின்போர்ஷன் 6,500. மாதம் 16,000, வருடம் 1,92,000. வங்கித் தவணை மாதம் 14,620, வருடம் 1,75,440. மீதி 16,560. அதற்குப் பக்கத்தில் ‘லாபம்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு வேறு. வீட்டு வரி இல்லை, மோட்டார் ரிப்பேர் இல்லை, வெள்ளையடிப்பு இல்லை. டீசல் போடாமல் பஸ் வேளாங்கண்ணி வரைக்கும் போய்விடும் என்று நினைத்திருக்கிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

லாரி வந்தது, போனது. பத்து நாள் தவணை கேட்டேன். பணம் கையில் வந்த பிறகுதான் மாடிச் சாவி என்று சொல்லிவிட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஜூலை 3, புதன்

கேட்டுக்கு வெளியே ‘வீடு வாடகைக்கு’ போர்டு மாட்டினேன். மாட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு தையல்நாயகி சொன்னாள்: “பதினேழாம் தேதி ஆடி பொறக்குதுங்க. ஆடியில யாரு வீடு மாறுவா?”

மார்கழியிலும் மாற மாட்டார்கள். புரட்டாசியில் பாதிப் பேர் மாற மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? எங்கள் கல்யாணத்தையே ஆடிக்காக ஒரு மாதம் தள்ளிப்போட்டார்கள். ஆனாலும் கணக்குப் போடும்போது பன்னிரண்டால் பெருக்கியிருக்கிறேன். நோட்டில் அதைத் திருத்திப் பத்தால் பெருக்கினேன். லாபம் இருந்த இடத்தில் 15,440 குறைவு வந்தது. அடியிலிருந்த கோடுகளை மட்டும் அழிக்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

சுகந்தி வாடகை கொண்டுவந்தாள். ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், புருஷன் மஸ்கட்டில் இருக்கிறான். என் டிரைவர் உலகநாதனின் மகள். நானும் அவரும் பதினொரு வருடம் திருச்சி–வேளாங்கண்ணி வண்டியில் ஒன்றாக ஓடியவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் பின்போர்ஷனை அவளுக்கு ஆயிரம் ரூபாய் குறைத்து விட்டேன். தையல்நாயகி அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

“மாமா, அப்பாவ இங்க கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். பெரியாஸ்பத்திரியில காட்டணும். ஒரு ரெண்டு வாரம் இருப்பாரு. உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?”

“இதெல்லாம் கேக்கணுமா? என் டிரைவர் என் வீட்டுக்கு வர்றதுக்கு நீ என்ன பர்மிஷன் கேக்குற?” என்றேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 8, திங்கள்

டிரைவர் வந்துவிட்டார். கரூரில் மகன் முருகவேளோடு இருந்தவர். ஆட்டோவிலிருந்து இறங்கியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் வண்டி அடங்கிப்போகும், அப்படிப்பட்ட கை. இப்போது அந்தக் கையால் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. இருமல் வேறு.

“என்ன கண்டக்டரே, வீடு கட்டிட்டீரு. எத்தன சீட்டு?”

“மூணு போர்ஷன் டிரைவரே. எல்லாம் லோனு.”

“ஓவர்லோடு ஏத்தாதய்யா” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஜூலை 10, புதன்

மாடிக்கு ஆள் கிடைத்துவிட்டது! சேதுமாதவன், ஒரு காலேஜில் லேப் அசிஸ்டெண்ட். மனைவி, மாமியார். ஆவணியில் முதல் முகூர்த்தம் ஆகஸ்ட் 22, அன்றைக்குப் பால் காய்ச்சி வருவார்களாம். ஆடிக்கு முன்னாலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறேன் என்றார். அறுபதாயிரம், எண்ணிக்கூடப் பார்க்கச் சொல்லாமல் கொடுத்தார்.

கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். “சார், தப்பா நெனைக்காதீங்க. மாமியார் கேக்கச் சொன்னாங்க. இந்த வீட்டுல யாரும் தவறிப்போனதில்லையே?”

“புது வீடு சார். ரெண்டு வருஷம்தான் ஆகுது” என்றேன்.

பணம் என் கையில் அரை மணி நேரம் இருந்தது. அதற்குள் பழைய மாடிக்காரரின் மைத்துனர் வந்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆக, ஆகஸ்ட் 22 வரை மாடியிலிருந்து வாடகை கிடையாது. தவணைக்கு என் பென்ஷன் பதிமூவாயிரம் இருக்கிறது. அது போனால் சாப்பிடுவதற்கு என்ன என்பதை நோட்டில் எழுதக் கட்டம் போடவில்லை.

ஜூலை 13, சனி

மோட்டார் புகைந்துவிட்டது. காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கட்ட மூவாயிரத்து எண்ணூறு.

ஜூலை 16, செவ்வாய்

சாயங்காலம் பின்பக்கம் போய் டிரைவரோடு உட்கார்ந்திருந்தேன். திருவாரூர்க் கதையை எடுத்தார். எத்தனையோ தடவை சொன்ன கதை, ஆனாலும் சுகந்தி புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

திருவாரூர் ஸ்டாண்டில் நேரம் குறித்துக்கொண்டு வெளியே வந்தவன், கீழே நின்றபடியே விசில் கொடுத்துவிட்டேன். ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அதற்குள் ஒரு அம்மாள் சில்லறைக்காகக் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி போயே போய்விட்டது. கீழ்வேளூர் வரைக்கும் போன பிறகுதான், யாருக்கும் டிக்கெட் கிழிபடவில்லை என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. ஐம்பது பேரையும் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டார். பயணிகள் கத்தியிருக்கிறார்கள், வேறு வண்டியில் வந்து சேரட்டும் என்று. “கண்டக்டர் இல்லாம வண்டி போவாது” என்று சொல்லிவிட்டாராம். நான் டீக்கடை வாசலில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பதினைந்து கிலோமீட்டர் டீசலுக்கு என்ன காரணம் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றையிலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பிலும் விசில் கேட்டாலும் எடுக்க மாட்டார். திரும்பிப் பார்த்து, “கண்டக்டர் ஏறிட்டாரா?” என்று உரக்கக் கேட்பார். பயணிகள் எல்லோரும் சேர்ந்து “ஏறிட்டாரு” என்று சொன்ன பிறகுதான் கியர் விழும். எனக்கு மானம் போகும்.

ஜூலை 20, சனி

ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நுரையீரல் முழுக்கப் பரவியிருக்கிறது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வலிக்கு மாத்திரை தருகிறோம் என்றார்களாம். சுகந்தி கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். அழவில்லை. மருந்துக் கடையில் நாள் முழுக்க அந்த மாதிரிச் சீட்டுகளைப் பார்ப்பவள்.

உள்ளே வந்து தையல்நாயகியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தினசரிக் காலண்டரைக் கையில் எடுத்துப் புரட்டினாள்.

“இருவத்தி மூணு அவிட்டம். அதுலேருந்து அஞ்சு நாள் ஆவாதுங்க.”

“என்ன ஆவாது?”

“அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இதுல எதுலயாவது உசுரு போச்சுன்னா ஆறு மாசம் வீட்ட அடைச்சுப் போடணும். எங்க பெரியப்பாவுக்கு அடைப்பு வந்து, சித்தப்பா வீட்டுல ஆறு மாசம் கெடந்தோமே, தெரியாதா?”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. எழுதி வைக்கிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வாடகைக்கு வருகிறவனுக்கு இருக்கிறதே.

ஜூலை 21, ஞாயிறு

சும்மா ஒரு கணக்கு. பின்போர்ஷன் ஆறு மாதம் பூட்டினால் 39,000. ஒரே கூரை, ஒரே கேட், அதனால் சேதுமாதவன் வர மாட்டார். மாடி ஆறு மாதம் 57,000. அவருக்குத் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் 60,000, அது ஏற்கெனவே மதுரைக்குப் போய்விட்டது. மொத்தம் 1,56,000. மூன்று தவணை தொடர்ந்து விட்டால் வங்கிக்காரர்கள் வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். நாலாவது தெருவில் ஒரு வீட்டில் ஒட்டியிருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் நின்று படிக்கிறார்கள்.

கணக்குதான் போட்டேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் நாலு இட்லி சாப்பிட்டாராம். நல்ல செய்தி.

ஜூலை 24, புதன்

தூங்குகிறார். மூச்சு சீராக இருக்கிறது. இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 25, வியாழன்

நாலு தடவை.

ஜூலை 26, வெள்ளி

தையல்நாயகி, “என்னங்க, இந்தப் பாசத்த அவரு நல்லா இருந்தப்ப காட்டியிருக்கலாம்ல?” என்று கேட்டாள். இன்றைக்குக் கஞ்சியை நானே ஊட்டினேன். “நீரு டிக்கெட் கிழிச்ச கையா இது, நடுங்குதே” என்றார்.

ஜூலை 28, ஞாயிறு

காலண்டரில் தாளைக் கிழித்தேன். அஸ்வினி. அப்பாடா என்று இருந்தது. உடனே என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. கறி வாங்கி வந்து, குழம்புச் சாறு மட்டும் டிரைவருக்குக் கொடுத்தனுப்பினோம். நன்றாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினார்.

ஆகஸ்ட் 3, சனி

பதினெட்டாம் பெருக்கு. தையல்நாயகியும் சுகந்தியும் காவிரிக்குப் போனார்கள். நான் டிரைவருக்குத் துணை. மதியம் முழுக்க இரண்டு பேரும் ஸ்டாப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர். அம்மாப்பேட்டைக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் ஒரு ஸ்டாப்பை நான் விட்டுவிட்டேன், அவர் விடவில்லை. இந்த மாதத்தில் இன்றைக்குத்தான் நிம்மதியாக இருந்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

தவணை எடுக்கப் பணம் இல்லை என்று வங்கியிலிருந்து செய்தி. அதற்கு அபராதம் ஐந்நூற்றுத் தொண்ணூறு. பணம் இல்லாதவனிடம் பணம் இல்லை என்பதற்குப் பணம் கேட்கிறார்கள். வீட்டு வரிக் கெடுவும் இந்த மாதம்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சேதுமாதவன் ஜன்னல் அளவெடுக்க வந்தார், திரைத்துணி தைப்பதற்கு. மாமியாரும் வந்திருந்தார். அவர் படியேறாமல் கீழேயே நின்று பின்பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு இருமறது?”

“பின்போர்ஷன்ல. பொண்ணோட அப்பா. சளி” என்றேன்.

“வயசானவரா?”

“என்னைவிட நாலு வயசு கூட. காத்து ஒத்துக்கல. ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

பேசும்போது சுகந்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நிச்சயம் காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடி இன்றோடு முடிகிறது. டிரைவர் இரண்டு நாளாக எதுவும் சாப்பிடவில்லை. கால் வீங்கியிருக்கிறது. கரூரிலிருந்து முருகவேள் வந்து பார்த்துவிட்டு உடனே திரும்பிவிட்டான், பட்டறையில் லீவு இல்லையாம். அவன் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர்.

ஆகஸ்ட் 17, சனி

திங்கள் சாயங்காலம் அவிட்டம் பிறக்கிறது. செவ்வாய் சதயம், புதன் பூரட்டாதி, வியாழன் உத்திரட்டாதி, வெள்ளி ரேவதி. வியாழக்கிழமைதான் 22, பால் காய்ச்சும் நாள்.

கோவில் பக்கத்து ஜோசியரிடம் போனேன். வேறு வேலையாகத்தான் அந்தப் பக்கம் போனேன். தனித்தனி வாசலாக இருந்தால் ஒரு போர்ஷனை மட்டும் அடைத்தால் போதாதா என்று கேட்டேன். “சாஸ்திரத்துல போதும். குடிவர்றவா மனசுல போதுமான்னு நீங்கதான் பாத்துக்கணும்” என்றார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். இது தெரிந்துகொள்ள ஐம்பது ரூபாய் வேண்டுமா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தையல்நாயகி பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். “நான் பொம்பள, எனக்கு வாய் வராது. நீங்க வேணா போய்ச் சொல்லுங்க. சொல்லாட்டியும் சரி. நோட்டீஸ் ஒட்டுனா ஒட்டட்டும்.” கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். இந்த வீடு இல்லாவிட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. எனக்கும்தான்.

பத்து மணிக்குப் பின்பக்கம் போனேன். சுகந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். நன்றாக ஓடுகிறது என்றாள். மஸ்கட்டிலிருந்து போன் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றாள்.

“முருகவேளுக்கும் அப்பாவக் கூட வச்சிக்கணும்னு ஆசை இருக்கும்ல?” என்றேன்.

அவள் கை நின்றது. “எத்தன நாளைக்கு மாமா?”

நான் அவள் களைந்த அரிசித் தண்ணீரைப் பார்த்தேன்.

“அஞ்சு நாளைக்கா?” என்றாள். “கடையிலயும் காலண்டர் இருக்கு மாமா. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அப்போதுதான் கவனித்தேன், டிரைவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“முருகன்கிட்டயே போறேம்மா” என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. “இங்க கண்டக்டருக்குக் கலெக்‌ஷன் அடிபடும்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மதியம் ஒரு மணிக்கு வேன் வந்தது. வாடகை நாலாயிரம். நான் கொடுக்கிறேன் என்றேன், சுகந்தி கேட்கவில்லை. நாங்கள் நாலு பேர் பிடித்துத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். ஒன்றுமே கனக்கவில்லை. தையல்நாயகி ஒரு தலையணையும் வெந்நீர் பிளாஸ்க்கும் கொடுத்தாள். சுகந்தி ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வேன் டிரைவர் கதவைச் சாத்திவிட்டு வண்டியைக் கிளப்பினான். உள்ளிருந்து டிரைவரின் கை லேசாக உயர்ந்தது, நில் என்பதுபோல. “ஏதாச்சும் மறந்துட்டீங்களா?” என்று அந்தப் பையன் கேட்டான். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தபடி காத்திருந்தார்.

வேன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். “ரைட்” என்றேன்.

வண்டி போய்விட்டது. அவிட்டம் பிறக்க இன்னும் நேரம் இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சுகந்திக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. பின்போர்ஷனைக் கழுவிவிட்டோம். தையல்நாயகி சாம்பிராணி போட்டாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பால் பொங்கியது. சேதுமாதவனின் மாமியாருக்கு ரொம்பத் திருப்தி. எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள், சர்க்கரை அதிகம். ஆகஸ்ட் மாதத்துக்குப் பத்து நாள் வாடகை தனியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தார், நல்ல மனிதர். “சளி சரியாயிடுச்சா அவருக்கு?” என்று கேட்டார். “ஊருக்குப் போயிட்டாரு” என்றேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ரேவதி. போன் எதுவும் வரவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

காலை ஒன்பதே காலுக்கு சுகந்தி போன் செய்தாள். “அப்பா போயிட்டாரு மாமா. இப்பத்தான். அஞ்சு நிமிஷம் ஆவுது.”

வைத்துவிட்டு நான் முதலில் செய்த காரியத்தை எழுதிவிடுகிறேன். காலண்டரைப் பார்த்தேன். அஸ்வினி. அடைப்பு இல்லை.

ஐந்து நாளையும் தாண்டியிருக்கிறார். இங்கேயே இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நேற்றே கரூர் போனோம். முருகவேள் கொடுத்த முகவரி ஒரு வீடாக இல்லை. ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட பெரிய பட்டறை. உள்ளே மூன்று பஸ்கள், பெயிண்ட் அடிக்காமல், கண்ணாடி இல்லாமல், வெறும் தகரமாக நின்றன. நடுவில் இருந்த பஸ்ஸுக்குள் டிரைவரைக் கிடத்தியிருந்தார்கள். சீட்டு இன்னும் மாட்டவில்லை. தரைப் பலகைமேல் பாய் விரித்து, தையல்நாயகி கொடுத்த தலையணையை வைத்திருந்தார்கள்.

முருகவேள் என் கையைப் பிடித்துக்கொண்டான். “நானும் வாடகை வீடுதானே மாமா. ஹவுஸ் ஓனரு வாசல்லயே நிறுத்திட்டாரு, அவிட்டம் பொறக்குற நேரத்துல உள்ள விட மாட்டேன்னுட்டாரு. மொதலாளிதான் பாவம்னு இங்க எடம் கொடுத்தாரு. அஞ்சு நாளும் இங்கதான். ராத்திரி கொசு, பகல்ல தகரச் சூடு. கிரைண்டிங் சத்தத்த மட்டும் இந்தப் பக்கம் நிறுத்தி வச்சிருந்தோம்.”

பிறகு சொன்னான்: “நீங்க வெள்ளையடிக்கறதுக்காகத்தான் அஞ்சு நாள் இங்க அனுப்புனீங்கன்னு அக்கா சொல்லுச்சு. ஒண்ணர மாசமா நீங்க பாத்துக்கிட்டத நாங்க மறக்க மாட்டோம் மாமா.”

அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எல்லோர் முன்னாலும் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நின்றேன். மாலையைப் போட்டேன். சுடுகாடு வரைக்கும் போனேன்.

ஆகஸ்ட் 31, சனி

கணக்கு முடித்தேன். மாடியில் ஆள் இருக்கிறது, பின்போர்ஷனில் ஆள் இருக்கிறது. விட்டுப்போன தவணையை அபராதத்தோடு அடுத்த மாதம் கட்டிவிடலாம். நோட்டீஸ் வராது. அடைப்பு என்று போட்ட கட்டத்தில் சைபர் எழுதினேன். எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே வந்திருக்கிறது. தையல்நாயகியிடம் காட்டினேன். “மூடி வைங்க அத” என்றாள்.

செப்டம்பர் 5, வியாழன்

சுகந்தி வாடகை கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். மேசைமேல் வைத்தாள். நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

“புரட்டாசிக்கு முன்னாடி காலி பண்ணிடுறேன் மாமா. கடைக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் பாத்திருக்கேன்.”

“இருக்கலாமேம்மா. உன்ன யாரு போகச் சொன்னா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. அவள் தன் அட்வான்ஸ் இருபதாயிரத்தை மெதுவாகக் கொடுத்தால் போதும் என்றாள். வாசல்வரைக்கும் போய் நின்றாள்.

“ஒண்ணு சொல்லணும் மாமா. சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். அன்னைக்கு அப்பாவ அந்த பஸ்ஸுக்குள்ள படுக்க வச்சோம்ல, அவருக்கு நெனப்பு சரியா இல்ல. தகரத்த எல்லாம் தடவிப் பாத்தாரு. வண்டி கெளம்புதுன்னு நெனச்சிக்கிட்டாரு போல. ‘கண்டக்டர் ஏறிட்டாரா?’ன்னு கேட்டாரு. அஞ்சு நாளும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. கடைசி நாள் காலைலயும் கேட்டாரு.”

“நீ என்னம்மா சொன்ன?”

“ஏறிட்டாருப்பான்னு சொன்னேன்.”

அவள் போய்விட்டாள். எனக்காகப் பதினைந்து கிலோமீட்டர் வண்டியைத் திருப்பி வந்த மனிதர். நான் கீழே நின்று ரைட் கொடுத்துவிட்டேன்.